தொழில்: சும்மா இருக்கிறார்

கொஞ்சம் நீளமான திரெட். நைட் டியூட்டி முடிச்சுட்டு உட்கார்ந்து எழுதினது. நேரம் கிடைக்கும்போது பொறுமையா படிங்க.

பென்னாகரம் பக்கம் அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிற டாக்டர் நான். சில மாசத்துக்கு முன்னாடி ஓபியில ஒரு அம்மா வந்தாங்க. வயசு முப்பத்தஞ்சு இருக்கும். மலையடிவாரத்து ஊர். நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு சொன்னாங்க. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தா வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கு. ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஹீமோகுளோபின் 6.

"அட்மிஷன் போடறேன்மா, ரத்தம் ஏத்தணும்"னு சொன்னேன்.

"இன்னிக்கு முடியாது மேடம். ரெண்டு நாள் கழிச்சு வரேன்."

கேஸ் ஷீட்டுல தொழில்னு ஒரு இடம் இருக்கும். பேனாவை வச்சுக்கிட்டே கேட்டேன். "என்ன வேலை பார்க்கறீங்க?"

"வேலை எல்லாம் ஒண்ணுமில்லைங்க மேடம். சும்மாதான் இருக்கறேன்."

நானும் "வேலை இல்லை"ன்னு எழுதிட்டேன். அப்புறம்தான் உறைச்சது. சும்மா இருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரியில படுக்க ஏன் ரெண்டு நாள் டைம் வேணும்?

கேட்டேன், சொன்னாங்க. மாமியாருக்குப் பக்கவாதம் வந்து மூணு வருஷமா படுக்கை. வீட்டுக்காரர் பெங்களூருல கட்டட வேலை. ரெண்டு பசங்க பள்ளிக்கூடம். ஒரு கறவை மாடு. விடியறதுக்கு முன்னாடி தண்ணி பிடிக்கணும். மாமியாரைத் துடைச்சு, துணி மாத்தி, களியைக் கரைச்சு ஊட்டணும். ராத்திரியும் ரெண்டு மூணு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைக்கணும்.

"முதுகுல புண்ணு இருக்கா?"ன்னு கேட்டேன்.

"ஒரு பொட்டுப் புண்ணு கூட இல்லை மேடம்."

இது எவ்வளவு பெரிய விஷயம்னு மருத்துவத் துறையில இருக்கிறவங்களுக்குத் தெரியும். அசைய முடியாத நோயாளியை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. பெரிய ஆஸ்பத்திரிகள்ல மூணு ஷிஃப்ட் நர்ஸ் இருந்தும் சில நேரம் படுக்கைப்புண் வந்துடும். இந்த அம்மா ஒரே ஆளா மூணு வருஷம் அதை வராம வச்சிருக்காங்க. தொழில்: வேலை இல்லை.

அந்தக் கட்டத்துல நான் எழுதினது என் கையெழுத்து. ஆனா அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு நீண்ட வரலாறு. அந்த வரலாற்றைத்தான் இங்க பேசப் போறோம். அதோட முக்கியமான சில பக்கங்கள் நம்ம தர்மபுரி மண்ணுலயே எழுதப்பட்டிருக்கு.

முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. வேலைன்னா என்ன?

1934-ல் மார்கரெட் ரீட் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எளிமையான ஒரு அளவுகோல் கொடுத்தார். நீங்க செய்யற ஒரு காரியத்தை, காசு கொடுத்து மூணாவது ஆளை வச்சுச் செய்ய முடியுமா? முடியும்னா அது வேலை. சாப்பிடறது வேலை இல்லை, ஏன்னா உங்களுக்காக இன்னொருத்தர் சாப்பிட முடியாது. சமைக்கறது வேலை. தூங்கறது வேலை இல்லை. தூங்காம நோயாளி பக்கத்துல உட்கார்ந்திருக்கறது வேலை.

தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே இவ்வளவு தெளிவா சொல்லியாச்சு. ஆனா நாடுகள் தங்கள் மொத்த உற்பத்தியைக் கணக்குப் போடும்போது இதை எடுத்துக்கலை. உலக நாடுகள் பின்பற்றும் 1993-ம் ஆண்டு தேசியக் கணக்கு முறையில் ஒரு விசித்திரம் இருக்கு. வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் சுமந்து வருவது, விறகு பொறுக்குவது எல்லாம் உற்பத்திக்குள் வரும். அந்தத் தண்ணியை அந்த விறகுல கொதிக்க வச்சுச் சோறு ஆக்கினா வராது. அந்தச் சோத்தைப் படுத்திருக்கற மாமியாருக்கு ஊட்டினாலும் வராது. குடம் இடுப்புல இருக்கறவரைக்கும் அவங்க உற்பத்தியாளர். வாசப்படி தாண்டி உள்ள வந்துட்டா சும்மா இருக்கிறவங்க.

நம்ம நாட்டுக் கதை இன்னும் மோசம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் "வேலை செய்யாதோர்" பட்டியலில் வந்தாங்க. அதே பட்டியலில் உடன் இருந்தவங்க யார் தெரியுமா? பிச்சை எடுப்பவர்களும் சிறைக் கைதிகளும். சுமார் 36 கோடிப் பெண்கள் இப்படி வைக்கப்பட்டிருந்தாங்க. 2010-ல் ஒரு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஏ.கே. கங்குலி இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார்.

அது என்ன வழக்கு? சாலை விபத்தில் இறந்துபோன ஒரு இல்லத்தரசியின் குடும்பம் போட்ட நஷ்டஈட்டு வழக்கு.

இங்கதான் எனக்கு மனசு கனத்துப் போச்சு. நம்ம நாட்டுல ஒரு இல்லத்தரசியோட உழைப்புக்கு உட்கார்ந்து ரூபாய்க் கணக்கு போட்ட இடம் எதுன்னு தேடினா, அது பெரும்பாலும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள்தான். அதாவது அவங்க செத்த பிறகு.

1989 மார்ச் 3. ஜாம்ஷெட்பூரில் ஒரு எஃகு ஆலையின் நிறுவனர் நாள் விழாவில் தீ விபத்து. 60 பேர் இறந்தாங்க. அதில் பெரும்பாலானோர் பெண்களும் குழந்தைகளும். இறந்த இல்லத்தரசிகளுக்கு எவ்வளவு கொடுப்பது என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போச்சு. 2001-ல் வந்த தீர்ப்பு, அவர்கள் குடும்பத்துக்குச் செய்த பணியின் மதிப்பை மாதம் 3,000 ரூபாய் என்று வச்சது. முன்னாடி போட்ட கணக்கு இன்னும் குறைவு. அது ரொம்பக் கம்மின்னு சொல்லித்தான் நீதிமன்றம் இதை உயர்த்தியது.

நடுவில் 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஒரு அட்டவணை சேர்த்தாங்க. அதன்படி, சம்பாதிக்காத மனைவி இறந்தா அவருடைய வருமானம் கணவர் சம்பாதிப்பதில் மூன்றில் ஒரு பங்கு. யோசிச்சுப் பாருங்க. ஒரே மாதிரி சமைச்சு, துவைச்சு, பிள்ளை வளர்த்த ரெண்டு பெண்கள். ஒருத்தர் கலெக்டர் மனைவி, இன்னொருத்தர் கொத்தனார் மனைவி. ரெண்டு பேர் உழைப்புக்கும் வெவ்வேறு விலை. அந்த விலையை நிர்ணயிக்கறது அவங்க கணவரோட சம்பளம்!

2021 ஜனவரியில் டெல்லி விபத்து வழக்கு ஒன்றில் நீதிபதி என்.வி. ரமணா எழுதிய தீர்ப்பு இந்தப் பார்வையை ரொம்ப தூரம் நகர்த்தியது. வீட்டு வேலைக்கு மதிப்பு போடுவது இரக்கம் காட்டுவது இல்லை, அது அரசியல் சாசனம் சொல்லும் சமத்துவத்தின் பகுதி என்ற பொருளில் எழுதினார். 2011 கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தங்கள் முதன்மை வேலை என்று சொன்ன பெண்கள் 15.98 கோடி, ஆண்கள் வெறும் 57.9 லட்சம் என்ற விவரமும் அந்தத் தீர்ப்பில் இருக்கு.

நேரக் கணக்கும் இருக்கு. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட ஒரு பெண் ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். இது வேலை செஞ்சவங்களை மட்டும் எடுத்த சராசரி. பெண்களில் 81 சதவீதம் பேர் அந்த வேலையைச் செஞ்சாங்க. ஆண்களில் 26 சதவீதம்தான். 2024-ல் திரும்ப எடுத்தாங்க. பெண் 289, ஆண் 88. அஞ்சு வருஷத்துல பெண்ணுக்குப் பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கு. அதை ஆண் வாங்கிக்கிட்டாரான்னு பார்த்தா, அவருக்கும் ஒன்பது நிமிஷம் குறைஞ்சிருக்கு!

செத்த பிறகு இல்லாம, உயிரோட இருக்கும்போதே இந்த வேலையோட மதிப்பை ஊருக்குக் காட்டின ஒரு சம்பவம் உண்டு. 1975 அக்டோபர் 24, ஐஸ்லாந்து. அந்த நாட்டுப் பெண்களில் சுமார் 90 சதவீதம் பேர் அன்று ஒருநாள் வேலைக்குப் போகலை, வீட்டிலும் சமைக்கலை, பிள்ளைகளைப் பார்க்கலை. அப்பாக்கள் பிள்ளைகளைக் கையில பிடிச்சுக்கிட்டு ஆபீஸ் போனாங்க. சட்டுனு சமைக்க முடியற சாசேஜ் கடைகள்ல தீர்ந்து போச்சு. அடுத்த வருஷமே சம உரிமைச் சட்டம் வந்தது. 1980-ல் அந்த நாடு ஒரு பெண்ணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

சரி, ஐஸ்லாந்தை விட்டு நம்ம ஊருக்கு வருவோம்.

தர்மபுரின்னு சொன்னா வெளியூர் ஆட்கள் பலருக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு ஒகேனக்கல். இன்னொண்ணு, சொல்லவே வாய் கூசற விஷயம், பெண் சிசுக்கொலை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. அந்த வருஷக் கணக்கெடுப்பில் தர்மபுரியில் ஆறு வயசுக்குள்ளான 1,000 ஆண் குழந்தைகளுக்கு 826 பெண் குழந்தைகள்தான் இருந்தாங்க. 2011-ல் அது 913 ஆனது.

ஒரு பெண் குழந்தையை ஏன் சுமையா பார்த்தாங்க? வரதட்சணை, வறுமைன்னு பல காரணம் உண்டு. ஆனா எல்லாத்துக்கும் அடியில ஒரு கணக்கு இருக்கு. பையன் வரவு, பொண்ணு செலவு. அவ வாழ்நாள் பூரா உழைக்கப் போறா. அந்த உழைப்பு எந்த நோட்டுலயும் வரவா ஏறாததாலதான் அவ செலவாவே தெரிஞ்சா. அதனால "வேலை இல்லை"ங்கற அந்த ரெண்டு வார்த்தை சாதாரண வார்த்தை இல்லை. அதுக்கு உயிர்ப்பலி உண்டு.

இதே மாவட்டத்துலதான் அந்த நோட்டைத் திருத்தும் வேலையும் தொடங்கியது.

1989 செப்டம்பர். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. முதல் மாவட்டம் நம்ம தர்மபுரி. அப்புறம்தான் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம்னு விரிஞ்சுது. இன்னிக்குத் தமிழ்நாட்டுல "குழுவுக்குப் போறேன்"னு சொல்லாத ஊரே இல்லை. அந்தச் சொல்லுக்கு வேர் இங்க இருக்கு. அதே 1989-ல்தான் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டு அறுபது வருஷம் கழிச்சு!

குழு எல்லாத்தையும் மாத்திடுச்சுன்னு நான் சொல்ல வரலை. கடனை அடைக்கற பாரமும் பல வீட்டுல பெண் தலையிலதான் விழுந்தது. ஆனா ஒண்ணு நடந்தது. கைநாட்டு வச்சுக்கிட்டிருந்த அம்மா பேங்க் வாசல்ல நின்னு தன் பேர்ல பாஸ்புக் வாங்கினாங்க.

ரெண்டாவது தேதி, 2021 ஆகஸ்ட் 5. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய இடம் சாமனப்பள்ளி. இப்போ அது கிருஷ்ணகிரி மாவட்டம். 2004 வரைக்கும் அதுவும் பழைய தர்மபுரி மாவட்டம்தான். அந்தத் திட்டத்தில் வீடு வீடா போய் பிபி பார்த்து, சுகர் மாத்திரை கொடுக்கறவங்க பலரும் இந்த மகளிர் குழுக்கள்ல இருந்து வந்த பெண்கள். முப்பது வருஷத்துக்கு முன்னாடி போட்ட விதையோட நிழல்ல இன்னிக்கு நான் வைத்தியம் பார்க்கிறேன்.

மூணாவது தேதி, 2023 ஜூலை 24. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் பதியும் முகாமை முதல்வர் தொடங்கி வச்சது தொப்பூரில். நம்ம மாவட்டம். அந்த செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். பேரை கவனிங்க. உதவித் தொகை இல்லை, உரிமைத் தொகை. சம்பளமில்லாத உழைப்புக்கான அங்கீகாரம்னு அரசே சொன்னது. விபத்து வழக்குக் கணக்கில இருந்து இது எவ்வளவு தூரம்! உயிரோட இருக்கற பெண்ணோட கணக்குக்கே பணம் வருது.

ஆயிரம் ரூபாய் போதுமான்னு கேட்டா, போதாது. ஒரு நாளைக்கு முப்பத்து மூணு ரூபாய் சொச்சம். அது கூலி ஆகாது. ஆனா அது சொல்ற செய்தி சரியானது.

"இப்படிக் காசு கொடுத்தா பொம்பளைங்களை வீட்டுக்குள்ளயே உட்கார வச்ச மாதிரி ஆகாதா?"ன்னு என் பேட்ச்மேட் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. மதிப்பு கொடுக்கறது மட்டும் போதாது. வேலையைக் குறைக்கணும், பங்கு போடணும். மூணும் சேர்ந்து நடந்தாதான் சமத்துவம்.

குறைக்கறதுக்கு உதாரணம் வேணும்னா எங்க ஊர்லயே இருக்கு. 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். எங்க பகுதி நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு அதிகம். பல் மஞ்சளாகி, எலும்பு வளைஞ்ச நோயாளிகளை இன்னும் பார்க்கிறேன். அந்த நோய்க்காக வந்த திட்டம் அது. ஆனா குழாய்த் தண்ணி ஒழுங்கா வர்ற தெருவுல, குடத்தோட நடக்கற நேரமும் மிச்சம். பல்லுக்குப் போட்ட குழாய் இடுப்புக்கும் வைத்தியம் பார்த்தது.

பங்கு போடற விஷயத்துல 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு கொடுத்தது. கணவர் வெளிநாட்டில் சம்பாதிச்சு அனுப்பினார், மனைவி ஊரில் குடும்பத்தைப் பார்த்துக்கிட்டார். வாங்கின சொத்தில் மனைவிக்குப் பங்கு உண்டா? நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, உண்டு, சம பங்கு என்றார். மனைவி செய்யும் வேலைகளை அடுக்கும்போது நிர்வாகி, சமையல் கலைஞர், வீட்டுப் பொருளாதார அறிஞர் என்பவற்றோடு வீட்டு மருத்துவர் என்றும் குறிப்பிட்டார். படிச்சப்போ எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான். புண் வராம பார்த்துக்கிட்ட வீட்டு மருத்துவர்.

ஆனா ஒரு கசப்பான உண்மையும் சொல்லணும். இந்தக் கவனிப்பு வேலை வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் அதுக்கு முழு மரியாதை கிடைக்கலை. அங்கன்வாடி 1975-ல் வந்தது. ஆஷா 2005-ல் வந்தது. இவங்க வாங்கறதுக்குப் பேர் மதிப்பூதியம், ஊக்கத்தொகை. இவங்களுக்குப் பேர் பணியாளர், தன்னார்வலர். கொரோனா காலத்தில் உழைத்த ஆஷாக்களுக்கு 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. அதுக்கு முந்தைய மாதம்தான், அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. ஆண்கள் அதிகம் இருக்கற எந்த முழுநேர வேலைக்காவது நாம "தன்னார்வம்"னு பேர் வச்சிருக்கோமா? யோசிங்க.

அடுத்தவங்களை மட்டும் சொல்லிட்டுப் போனா நியாயம் இல்லை. நான் அரசு டாக்டர். குழந்தை பிறந்தப்போ சம்பளத்தோட 12 மாச மகப்பேறு விடுப்பு கிடைச்சது. அதுக்கப்புறம் நைட் டியூட்டி பார்க்க முடியுதுன்னா, காரணம் எங்க அம்மா. வயசு 63, முட்டி தேய்ஞ்சு போச்சு. என் பொண்ணு ராத்திரி அழுதா எழுந்து தூக்கறது அவங்க. போன வருஷம் ஒரு ஃபார்ம்ல "குடும்ப உறுப்பினர்கள்" பகுதியில அவங்க பேருக்கு நேரா நான் எழுதினது என்ன தெரியுமா? "சார்ந்திருப்பவர்." யார் யாரைச் சார்ந்திருக்காங்க?

அந்த அம்மா கதையை முடிச்சுடறேன்.

ரெண்டு நாள்னு சொன்னவங்க நாலாவது நாள் ராத்திரிதான் வந்தாங்க. உட்கார்ந்தாலே மூச்சு வாங்கற நிலை. நல்லவேளை, காப்பாத்திட்டோம். ரத்தம் ஏத்தி, அதிக உதிரப்போக்குக்கு வைத்தியம் பார்த்து அனுப்ப ஆறு நாள் ஆச்சு. வீட்டுக்காரர் பெங்களூருல இருந்து வந்து அவர் அம்மாவைப் பார்த்துக்கிட்டார். குறை சொல்ல முடியாது, லீவு போட்டு உண்மையாவே கஷ்டப்பட்டுச் செஞ்சார். டிஸ்சார்ஜ் அன்னிக்கு என்கிட்ட போனை நீட்டினார். "மேடம், அம்மா இடுப்புகிட்ட செவந்து தோல் உரிஞ்சிருக்கு. என்ன மருந்து போடறது?"

மூணு வருஷத்துல வராத புண்ணு. ஆறே நாள்.

மருந்து எழுதிக் கொடுத்து, எப்படிப் புரட்டணும்னு அவருக்கே செஞ்சு காட்டச் சொல்லி அந்த அம்மாகிட்ட சொன்னேன். கட்டில்ல உட்கார்ந்துக்கிட்டு, தலையணையை வச்சு, அவங்க வீட்டுக்காரருக்கு வகுப்பு எடுத்தாங்க. நாங்க ரெண்டு நர்ஸும் நானும் நின்னு பார்த்தோம். எங்களுக்கும் அது பாடம்தான்.

தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுக்குள்ள இருக்கற பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்குன்னு தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்லுது. இரும்புச்சத்து மாத்திரை எங்ககிட்ட இருக்கு, இலவசம். ஆனா வைத்தியத்துக்கு வந்து படுக்க நேரத்தை எங்க மருந்தகத்துல கொடுக்க முடியாது. அதை வீட்டுல இருக்கிறவங்கதான் கொடுக்கணும்.

அதனால உங்ககிட்ட கேட்கறது பெருசா ஒண்ணுமில்லை. உங்க வீட்டுல நோயாளியையோ குழந்தையையோ பார்த்துக்கற பெண், தனக்கு உடம்பு முடியலைன்னா எத்தனை நாள் படுக்க முடியும்? அந்த நாள்கள்ல அவங்க வேலையை யார் செய்வா? இதுக்கு இன்னிக்கே பதில் வச்சுக்கோங்க. பதில் சொல்லும் ஆண்கள், அந்த வேலையை இப்பவே கத்துக்கோங்க. ஆள் இல்லாதப்போ கத்துக்கிட்டா லேட்.

கேஸ் ஷீட்டை மூடறதுக்கு முன்னாடி, தொழில் கட்டத்துல எழுதியிருந்ததை அடிச்சுட்டு மாத்தி எழுதினேன்: "வீட்டில் முழுநேர நோயாளி பராமரிப்பு, கறவை மாடு வளர்ப்பு." டிஸ்சார்ஜ் சம்மரியிலயும் அப்படியே போட்டேன். வீட்டுக்காரர் அதை வாய்விட்டுப் படிச்சார். அந்த அம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டு சிரிச்சாங்க.

இப்போ ஓபியில யாராவது "சும்மாதான் இருக்கறேன்"னு சொன்னா, அடுத்த கேள்வியும் கேட்கறேன். அதுக்கு ஒரு நிமிஷம்தான் ஆகுது.

உங்க வீட்டுல "சும்மா இருக்கிறவங்க"கிட்ட இதைப் படிச்சுக் காட்டுங்க. அதுக்கு முன்னாடி, சாப்பிட்ட தட்டைக் கழுவி வச்சுட்டுப் போங்க.